களிம்பை நிறுத்தினால் திரும்பி வரும் சொரியாசிஸ்: அடுத்த சிகிச்சை எது?

கேள்வி: எனக்கு வயது 31. ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாக முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் சொரியாசிஸ் இருக்கிறது. இந்த ஓராண்டில் முதுகிலும் இடுப்பிலும் பரவியிருக்கிறது. க்ளோபெட்டசால் களிம்பைத் தடவினால் இரண்டு வாரத்தில் மறைகிறது. நிறுத்தினால் ஒரு மாதத்துக்குள் முன்பைவிடச் சிவந்து திரும்பிவிடுகிறது. சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் ஊசி போட்டார்கள். பத்தே நாளில் தோல் தெளிந்தது; அடுத்த இரண்டு மாதத்தில் உடம்பெல்லாம் வந்துவிட்டது. இப்போது என் டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். அது புற்றுநோய் மருந்து என்று கேள்விப்பட்டதால், வாங்கியும் சாப்பிடாமல் வைத்திருக்கிறேன். மூலிகை மருந்தில் வேரோடு குணமாகும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு குழந்தைக்கு முயற்சி செய்ய நினைக்கிறோம். நிரந்தரமாகக் குணமாக எந்த மருந்து சிறந்தது?

பின்குறிப்பு: சில மாதங்களாகக் காலையில் விரல்கள் மடங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. கரும்பலகையில் எழுதுவதால் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் வாதம் இல்லை என்று வந்துவிட்டது.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்தப் பின்குறிப்புதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சொரியாசிஸ் தோலில் தெரிகிறதே தவிர, அது தோலோடு நின்றுவிடும் நோய் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் காரணமின்றிக் கிளர்ந்து அழற்சியை உண்டாக்குவதுதான் இதன் அடிப்படை. அந்த அழற்சி மூட்டுகளையும், தசைநாண்கள் எலும்போடு சேரும் இடங்களையும் தாக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை இந்த மூட்டுவாதத்துக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் தோலில் நோய் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்தே மூட்டில் தெரியும். தலையில் திட்டு உள்ளவர்களுக்கும் நகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். உங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, தலையிலும் இருக்கிறது.

வேலை செய்வதால் வரும் விரல் வலி, வேலை செய்யச் செய்ய அதிகரிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். உங்களுக்கு இரவு முழுவதும் ஓய்வெடுத்த பிறகு காலையில் இறுக்கமாக இருக்கிறது. அரை மணி நேரம் தாண்டியும் நீடிக்கிறது. இது அழற்சியின் குணம். கரும்பலகையைக் குற்றம் சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனையை வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வழக்கமாக எடுக்கும் 'ருமட்டாய்டு காரணி' பரிசோதனை வேறொரு வகை மூட்டுவாதத்துக்கானது. சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் இயல்பாகத்தான் வரும். இந்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டு கோணும்வரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. இந்த நோயில் சிகிச்சை ஆறு மாதம் தாமதமானால்கூட மூட்டில் நிரந்தரச் சேதம் ஏற்பட வாய்ப்பு கூடுகிறது.

இன்று ஐந்து விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டாவது எப்போதாவது வீங்கியதுண்டா? மூட்டுவாதம் என்று முன்பு யாராவது மருத்துவர் சொன்னதுண்டா? நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் உண்டா? குதிகால் வலிக்கிறதா? ஒரு விரல் முழுவதும் காரணமில்லாமல் பருத்து வலித்ததுண்டா? இவற்றில் மூன்றுக்கு 'ஆம்' என்றால் சந்தேகம் வலுவாகிறது. உங்கள் விஷயத்தில் ஒன்றுகூட 'ஆம்' இல்லாவிட்டாலும், காலை இறுக்கம் ஒன்றே மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். அவருக்கு எக்ஸ்ரேயோடு அல்ட்ராசவுண்ட் படமும் தேவைப்படலாம்; தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு.

இனி தோலுக்கு வருகிறேன்.

நிரந்தரமாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதைக் கேட்க வருத்தமாக இருக்கும் என்று தெரியும். ஆனால், தோலில் திட்டே இல்லாமல், அல்லது தேடிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க இன்று முடியும். நான் படித்து வெளிவந்த காலத்தில் இப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே 'எது குணமாக்கும்' என்பதைவிட, 'எது எனக்குப் பாதுகாப்பாக நெடுநாள் ஒத்துவரும்' என்ற கேள்விதான் உங்களுக்குப் பயன் தரும்.

களிம்பை நிறுத்தினால் ஏன் திரும்புகிறது? ஆரோக்கியமான தோலில் புதிய செல் அடியில் உருவாகி மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் அது ஒரு வாரத்துக்குள் நடந்து முடிகிறது. முதிராத செல்கள் குவிந்து வெள்ளிச் செதிலாகின்றன. ஸ்டீராய்டு களிம்பு இந்த அவசரத்தை அடக்குகிறது. ஆனால் திட்டு மறைந்த இடத்திலும், பழைய அழற்சியை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்புச் செல்கள் தங்கியிருக்கின்றன. தோல் தெளிந்தாலும் அடியில் இருப்பது நீறு பூத்த நெருப்பு. மருந்தைச் சட்டென்று நிறுத்தியதும் அதே இடத்தில் மூள்வது அதனால்தான். அதிலும் க்ளோபெட்டசால் மிகவும் வீரியமானது. தொடர்ச்சியாக இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் நான்கு வாரம் என்பதுதான் அதன் எல்லை. வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அதைத் தொடவே வேண்டாம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், வரிகள் விழும், மெல்ல மெல்ல மருந்தும் பலிக்காமல் போகும்.

திட்டு மறைந்த பிறகும் சிகிச்சையைப் படிப்படியாகக் குறைத்துத் தொடர்வதே இதற்கு வழி. வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் தோலை மெலியவைக்காது. அதையும் ஸ்டீராய்டையும் சேர்த்த களிம்பை நாளுக்கு ஒரு முறை வீதம் நான்கு வாரம் போட்டு, திட்டு அடங்கியதும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வழக்கமாகத் திட்டு வரும் இடங்களில் தடவிவந்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. தோல் சுத்தமாக இருக்கும்போது எதற்கு மருந்து என்று பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு.

அளவும் முக்கியம். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதுமானது. பயந்து பயந்து பொட்டுப் போல வைத்தால் களிம்பு வேலை செய்யாது.

தலையில் செதில் தடித்திருந்தால் அதன் மேல் எந்த மருந்தைப் போட்டாலும் உள்ளே இறங்காது. முதலில் சாலிசிலிக் அமிலம் கலந்த எண்ணெயையோ களிம்பையோ சில மணி நேரம் ஊறவைத்துச் செதிலை இளக்கிக் கழுவ வேண்டும். பிறகு மருந்துத் திரவத்தைத் தலைமுடியில் படாமல், மண்டைத் தோலில் படும்படி வகிடெடுத்து விட வேண்டும். நகத்தால் பெயர்த்தெடுக்காதீர்கள்; காயம்பட்ட இடத்தில் புதிய திட்டு முளைப்பது இந்த நோயின் இயல்பு. சாலிசிலிக் அமிலத்தையும் கால்சிபோட்ரியாலையும் ஒரே நேரத்தில் பூசவும் வேண்டாம். அந்த அமிலம் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும்.

இவையெல்லாம் திட்டுகள் குறைவாக உள்ளவர்களுக்குப் போதும். விரல்கள் உட்பட ஒருவரின் உள்ளங்கை, அவர் உடல் பரப்பில் சுமார் ஒரு சதவீதம். உங்கள் திட்டுகள் பத்து உள்ளங்கை அளவைத் தாண்டினால், அல்லது தலை, உள்ளங்கை, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் பிடிவாதமாக இருந்தால், அல்லது களிம்புகளுக்கு அடங்காவிட்டால், அடுத்த கட்டத்துக்குப் போவதே முறை. உங்கள் டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பேசியதில் தவறில்லை.

சென்ற ஆண்டு போட்ட ஊசியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பத்து நாளில் தெளிந்து, இரண்டு மாதத்தில் பன்மடங்காகத் திரும்பியதைப் பார்த்தால், ஸ்டீராய்டு ஊசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுப்பதைத் தோல் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறோம். அதன் வேகம் தணியும்போது நோய் சீறி எழும். சிலருக்கு உடல் முழுவதும் சீழ்க் கொப்புளங்களாக மாறி உயிருக்கே ஆபத்தாகும். இனி யார் ஊசி போட வந்தாலும் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து என்பது உண்மை. ஆனால் அங்கே கொடுக்கும் அளவு பல மடங்கு அதிகம். சொரியாசிஸுக்கு வாரம் ஒரு முறை 7.5 முதல் 25 மில்லிகிராம்வரைதான். அந்த அளவில் அது அழற்சியை அடக்குகிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்தே இந்த நோய்க்குக் கொடுத்துவருகிறார்கள். அதன் நன்மை தீமைகள் மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகியவை. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். 16 வாரங்களில், பத்துப் பேரில் சுமார் நான்கு பேருக்கு நோய் முக்கால்வாசிக்கு மேல் குறைகிறது.

இந்த மருந்தில் உயிர்போகும் தவறு ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்துவிடுவது. எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன. எந்தக் கிழமை என்று முடிவு செய்து மாத்திரை அட்டையிலேயே எழுதச் சொல்வேன். வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தால் வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். மதுவைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு தொற்றுக்கோ டிரைமெத்தோபிரிம் கலந்த மருந்தைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

இவ்வளவு நல்ல மருந்தாக இருந்தும், நீங்கள் சாப்பிடாமல் வைத்திருப்பது இந்தத் தருணத்தில் நல்லதாகவே போயிற்று. காரணம் புற்றுநோய் பயம் இல்லை; குழந்தை. மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கலைக்கும், உருக்குலைக்கும். எடுக்கும் காலம் முழுவதும் உறுதியான கருத்தடை வேண்டும். நிறுத்திய பிறகும் கருத்தரிக்க மூன்று முதல் ஆறு மாதம் இடைவெளி விட வேண்டும். பாலூட்டும்போதும் கூடாது. அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் உடனே சொல்லுங்கள். இந்த ஒரு தகவல் சிகிச்சையின் பாதையையே மாற்றிவிடும்.

இதைவிடக் கறாராக ஒதுக்க வேண்டிய மருந்து அசிட்ரெடின். நிறுத்தி மூன்று ஆண்டுகள் கழியும்வரை கருத்தரிக்கக் கூடாது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு நான் அதை எழுதுவதே இல்லை. அப்ரெமிலாஸ்ட் மாத்திரையும் கர்ப்ப காலத்துக்கு உகந்ததில்லை. சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும். தவிர்க்க முடியாத நிலையில் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதுண்டு. ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பதம்பார்ப்பதால் நெடுநாளுக்கு ஏற்றதில்லை.

மூட்டில் ஒன்றும் இல்லை என்று உறுதியானால், நான் உங்களுக்கு முதலில் சொல்வது புற ஊதாக் கதிர் சிகிச்சைதான். 311 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, 'நேரோபேண்ட் யு.வி.பி.' எனப்படும் கதிரை மட்டும் அளந்து பாய்ச்சுவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 20 முதல் 30 அமர்வுகள். கர்ப்ப காலத்திலும் இதைத் தொடரலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் தவறாமல் எடுக்க வேண்டும். அமர்வுக்கு முன் சாலிசிலிக் அமிலக் களிம்பு பூசினால் கதிர் உள்ளே போகாது. இதற்குப் பதிலாக வெயிலில் நின்றுகொள்கிறேன் என்று இறங்காதீர்கள். வெயிலுக்கு அளவு கிடையாது, தோல் வெந்தால் அந்த இடத்திலேயே நோய் வரும். வேலைக்கு நடுவே வாரம் மூன்று முறை போய்வருவது உங்களுக்குச் சிரமம்தான் என்பதும் எனக்குப் புரிகிறது. இந்தக் கதிர் மூட்டுக்கு எதுவும் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூட்டுவாதம் உறுதியானால் கணக்கு வேறு. அப்போது தோலையும் மூட்டையும் சேர்த்துக் காக்கும் மருந்து தேவை. இங்கேதான் 'பயாலஜிக்ஸ்' எனப்படும் உயிரியல் ஊசிகள் வருகின்றன. இவை ஸ்டீராய்டு இல்லை. அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் குறிவைத்துத் தடுப்பவை. டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பவை அடலிமுமாப், செர்டோலிசுமாப் போன்றவை. ஐ.எல்.17 புரதத்தைத் தடுப்பவை செக்குகினுமாப், இக்ஸெகிசுமாப். ஐ.எல்.23 புரதத்தைத் தடுப்பவை குசெல்குமாப், ரிசங்கிசுமாப். பிந்தைய இரண்டு வகைகளில், பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு நான்கு மாதத்தில் நோய் 90 சதவீதம் குறைந்துவிடுகிறது. மருந்து வரலாற்றில் இப்படியொரு பலன் சொரியாசிஸுக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

உங்களைப் போலக் குழந்தை பெறத் திட்டமிடும் பெண்ணுக்கு, இந்த வரிசையில் செர்டோலிசுமாப்பை முதலில் பேசலாம். அதன் அமைப்பு காரணமாக நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு ஏறக்குறைய போவதே இல்லை. அடலிமுமாப் கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையைச் சென்றடையும் என்றாலும், அதைப் பயன்படுத்திய பெண்கள் பற்றிய அனுபவம் நிறைய இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கு பி.சி.ஜி. போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போடுவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உயிரியல் ஊசி தொடங்கும் முன் காசநோய் உள்ளே உறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதற்குச் சிகிச்சை தொடங்கிய பிறகே ஊசி. மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் பரிசோதனையும் உண்டு. செலவு அதிகம் என்பதுதான் பலரைத் தடுக்கிறது. 'பயோசிமிலர்' எனப்படும் இணை மருந்துகள் வந்திருக்கின்றன; காப்பீட்டில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இவற்றையும் நிறுத்தினால் பெரும்பாலும் நோய் மெல்லத் திரும்பும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உறவினர்கள் சொல்லும் மூலிகை மருந்துக்கு வருகிறேன். அவர்கள் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் 'வேரோடு குணம்' என்று விற்கப்படும் களிம்புகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டும் கன உலோகங்களும் கலந்திருப்பது ஆய்வகப் பரிசோதனைகளில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத எதையும் உட்கொள்ளாதீர்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு ஈயமும் பாதரசமும் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்களாகவே செய்யக்கூடியவையும் உண்டு. குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள்; எடை குறைந்தால் மருந்தே இன்னும் நன்றாக வேலை செய்கிறது. தொண்டைத் தொற்று வந்தால் அலட்சியம் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியமும் சிலருக்கு நோயைக் கிளப்பும்; அவற்றை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம். அதற்கும் சிகிச்சை உண்டு.

மாணவர்களோ சக ஆசிரியர்களோ விலகி நின்றால், இது தொற்றுநோய் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். தொட்டால் ஒட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2014இல் இதைத் தொற்றா நோய் என்று அங்கீகரித்துத் தீர்மானமே நிறைவேற்றியிருக்கின்றன. பிறக்கப்போகும் குழந்தையை எண்ணியும் பயப்பட வேண்டாம். மரபணுவின் பங்கு உண்டுதான். ஆனாலும் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் சொரியாசிஸ் இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வருவதில்லை. கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு நோய் தானே தணிகிறது. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் மீண்டும் கிளம்பலாம் என்பதால், அதற்கான சிகிச்சையையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் மென்மையான, நடுத்தர ஸ்டீராய்டு களிம்புகளைப் பயன்படுத்தலாம். க்ளோபெட்டசாலை மட்டும் அதிக அளவில் நெடுநாள் பூசாதீர்கள். குழந்தையின் எடை குறையக்கூடும்.

ஆக, இந்த வாரமே மூட்டுவாத மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது விரல் இறுக்கம், சென்ற ஆண்டின் ஊசி, குழந்தைத் திட்டம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்குள் உடல் முழுவதும் சிவந்து தோல் உரிந்தாலோ, காய்ச்சலுடன் சீழ்க் கொப்புளங்கள் தோன்றினாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையில் சேர்ந்துவிடுங்கள்.